கொதியில் சுருங்காத தோல்

கேன்டீன் தரையில் அக்கா குப்புறக் கிடந்தாள். பாய்லர் ரூமிலிருந்து ஓடி வந்த மாமா அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவளைத் தாண்டிக்கொண்டு நேராகப் பின்சுவருக்குப் போய், அங்கே பைப்பில் பொருத்தியிருந்த ஒரு வால்வின் முன்னால் நின்றார். நான் அக்காவின் முதுகில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். “மாமா, இங்க வாங்க, வந்து பிடிங்க” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. கொதித்துக்கொண்டிருந்த அந்த இரும்பின் மேல் வெறும் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். கட்டிய பெண்டாட்டி வெந்து கிடக்கும்போது ஒரு மனுஷனுக்கு வால்வு என்ன வேண்டிக்கிடக்கிறது? இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு பதறுகிறது. அன்றைக்குப் பதறியதற்குக் காரணம் வேறு, இன்றைக்குப் பதறுவதற்குக் காரணம் வேறு.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் பாய்லர் ஆபரேட்டர். அக்கா அதே டேனரியின் கேன்டீனில் சமையல். நான் அங்கேயே ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் நர்ஸ். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் மழையை நம்பி விவசாயம் செய்த எங்கள் அப்பா, ‘பொம்பளைப் பிள்ளைக்குப் படிச்சது போதும்’ என்று சொன்னபோது, குறுக்கே விழுந்து என்னை நர்ஸிங் படிக்க வைத்தவர் மாமாதான். டி.வி.எஸ். வண்டியில் என்னையும் என் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வேலூர் வரைக்கும் வழியெல்லாம் கத்திப் பாடிக்கொண்டே ஓட்டினார். எனக்கு மானம் போயிற்று. வேலைக்குச் சேர்ந்த பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “சிஸ்டரம்மா, ஒரு தலைவலி மாத்திரை குடு, உங்க அக்கா குடுத்த தலைவலி” என்று என் அறை வாசலில் நின்று நாலு பேர் கேட்கும்படி சொல்வார். அடக்கம் என்பது அவருக்கு ஆகாது. பாய்லர் லைசென்ஸைக் கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அக்கா சாமிக்குப் பூ வைக்கும்போது அதற்கும் ஒரு துண்டு வைத்தாக வேண்டும்.

அவருக்கு ஒரு குணம். முடியாது என்று யாரிடமும் சொல்ல மாட்டார். மோட்டார் ஓடவில்லையா, கதவு மூடவில்லையா, ஒழுகுகிறதா, மாமாவைக் கூப்பிடுவார்கள். எதையாவது வெட்டி, எதையாவது சொருகி, ஓட வைத்துவிட்டு வருவார். நாங்கள் அதை அவருடைய திறமை என்று நினைத்தோம். பெருமையாகவும் இருந்தது.

அக்காவுக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் கேன்டீன் சண்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டுச் சண்டையைக் கேன்டீனுக்குக் கொண்டுபோய், டேனரியே கூடி நின்று வேடிக்கை பார்த்ததாம். அதற்கு அப்புறம் அக்கா ஒரு சட்டம் போட்டாள். கேட்டுக்குள் நடந்தது கேட்டோடு சரி, வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. இருவருமே அதை மீறி நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது நான் டேனரிப் பேச்சை எடுத்தால் அக்கா கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டுவாள். எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே சண்டை கம்மியாக இருந்த வீடு அது. இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

வேலையைப் பற்றிப் பேசக்கூடாதே தவிர, ஆவியைப் பற்றிப் பேசலாம் என்று மாமா அந்தச் சட்டத்தில் தனக்கு ஒரு சந்து வைத்திருந்தார். ஆவியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பாய்லரில் பிறக்கிற ஆவி முரட்டு ஆவி, அதை அப்படியே எல்லா மிஷினுக்கும் விட முடியாது என்பார். ஒரு சில மிஷின்கள்தான் அந்தப் பலத்தைத் தாங்கும். தோலைக் காயவைக்கிற டிரையருக்கு அதில் பாதி போதும். சாயம் கலக்க வெந்நீர் போடும் தொட்டிக்கு அதிலும் கம்மி. கேன்டீனில் இருந்த டேக்சாவுக்கு எல்லாவற்றையும்விடக் கம்மி. அது இரட்டைச் சுவர் வைத்த பெரிய அண்டா. இரண்டு சுவருக்கும் நடுவே ஆவி சுற்றும், உள்ளே இருக்கிற சமையல் அடிப்பிடிக்காமல் வேகும். அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் போகிற பைப்பில், ஆவியின் அழுத்தத்தைக் குறைத்து அனுப்ப ஒரு வால்வு இருக்கும். பி.ஆர்.வி. என்பார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை மாமா சாப்பாட்டுத் தட்டை வைத்தே காட்டுவார். வால்வுக்குள் கையகலத்தில் மெல்லிசாக ஒரு எஃகுத் தகடு இருக்கும். மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அந்தத் தகட்டைக் கீழே தள்ளும். தள்ளினால் வழி திறந்து ஆவி அந்தப் பக்கம் போகும். போன ஆவி அங்கே சேரச் சேர, அதுவே திரும்பி வந்து தகட்டைக் கீழிருந்து மேலே தள்ளும். அப்போது வழி குறுகும். டேக்சாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி செலவாகி அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், வழி அகலமாகும். கொதி வந்துவிட்டால் அழுத்தம் ஏறும், ஆவி ஜெயிக்கும், வழி மூடும். யாரும் பக்கத்தில் நின்று திருகிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்கி வைத்திருக்கிறோமோ அந்த அளவிலேயே அது பாட்டுக்கு நிற்கும். “ஆளு தூங்கினாலும் தகடு தூங்காது” என்பார். அப்படியே அது தவறிப் போனாலும், டேக்சாவின் மேலேயே ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். அளவுக்கு மேல் ஆவி ஏறினால் அது தானாகத் தூக்கிக்கொண்டு வெளியே விட்டுவிடும். இரண்டு காவல் என்று இரண்டு விரலைக் காட்டுவார். அக்கா அந்தக் கையில் சோற்றை வைத்து வாயை மூடு என்பாள்.

ரம்ஜான் மாதம் வந்தால் அந்த டேக்சாவுக்கு ஓய்வே கிடையாது. முதலாளி பாயின் தாத்தா காலத்திலிருந்து அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற வழக்கம். நோன்பு இருக்கிறவர்களுக்கு மட்டும் இல்லை. டேனரியில் வேலை செய்கிற எல்லோருமே சாயங்காலம் ஆளுக்கொரு தூக்கில் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகலாம். காலை ஷிஃப்டுக்கு வரும்போதே தூக்கைக் கொண்டுவந்து கேன்டீன் வாசலில் வரிசையாக வைத்துவிடுவார்கள். அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், கறி, கடைசியில் தேங்காய்ப்பால், புதினா. பாய் வீட்டுப் பெரியம்மா ஒருவர் ஆரம்பத்தில் அக்காவுக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்தார். பிறகு அந்தப் பெரியம்மாவே அக்காவின் கஞ்சிக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்தார். அந்த ஒரு மாதம் அக்காவின் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் நோன்பு பாதி தாண்டியிருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்து, கண்ணில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்த ஒருவருக்கு நான் கண் கழுவிக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது போல இருந்தது. அதற்குப் பின்னால் ‘ஸ்ஸ்’ என்று நிற்காத ஓர் இரைச்சல். கேன்டீனுக்குள் நுழைந்தால் கண் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. டேக்சாவின் உள்சுவர் உள்பக்கமாகப் பிதுங்கிக் கிழிந்து, உள்ளே இருந்த கஞ்சி முழுவதும் கூரைக்குப் போயிருந்தது. கூரையிலிருந்து அது சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அந்த நொடியில் புதினா எடுக்க மேஜைப் பக்கம் திரும்பியிருக்கிறாள். அதனால் முகம் தப்பியது. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் முதுகும், வலது கையும் தப்பவில்லை. கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், கஞ்சி ஓடாது, ஒட்டிக்கொண்டு எரியும். அதை வழித்து எடுக்கக்கூடாது, தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று நான் படித்திருந்தேன். படித்தது என் கையில் இருந்தது, என் தலையில் எதுவும் இல்லை. கூடமாட வேலை செய்யும் பெண் வெளிக் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். இரைச்சல் நின்றது. மாமா மெயின் ஆவியை மூடிவிட்டு ஓடி வந்தார். வந்தவர் செய்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

முதலாளி பாய் தன் காரிலேயே அக்காவை வேலூருக்கு அனுப்பினார். நானும் நர்ஸ் என்பதால் தீக்காய வார்டு டாக்டர் என்னிடம் ஒளிக்காமல் பேசினார். முதுகு முழுவதும் போயிருக்கிறது, சீழ் பிடிக்காமல் இருந்தால் பிழைப்பாள், இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றார். நான் இரவும் பகலும் அங்கேயே கிடந்தேன். மாமா மாடி ஏறவே இல்லை. கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் கொப்புளம், அதற்கும் மருந்து போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இறங்கிப் போய், “அவ பொழைப்பாளா மாட்டாளான்னு தெரியல, நீங்க இங்க குந்திக்கினு இன்னா பண்றீங்க? உங்களுக்கு அந்த வால்வுதான் பெருசா?” என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பதில் வைத்திருக்கும் மனுஷன், கொப்புளம் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இவரையா நான் அப்பாவுக்கும் மேலே வைத்திருந்தேன் என்று இருந்தது.

விசாரணைக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். நான் பார்த்ததைச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஃபிட்டர் ஒருவர் பின்சுவர் பி.ஆர்.வி.யைப் பிரித்தார். ஸ்பிரிங்கை எடுத்தார். அதற்குக் கீழே எஃகுத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் கருகிய அப்பளம் மாதிரி ஒன்று சுருண்டு, நடுவில் வெடித்துக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “என்னய்யா இது?”

“தோலு சார்” என்றார் மாமா.

“யார் போட்டது?”

“நான்தான் சார்.”

அந்தப் பக்கத்து ஆள் இல்லை என்றால் இது புரியாது. எங்கள் ஊர்களில் தோல் செய்யாத வேலை கிடையாது. அடிபம்புக்கு வாஷர் தோல், குழாய் ஒழுகினால் தோல், வண்டி லொடலொடத்தால் இடுக்கில் ஒரு துண்டு தோல். அதோடு டேனரியில் ஒரு சோதனை உண்டு. பதப்படுத்திய தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்கினால் பதம் போதாது. சுருங்காமல் அப்படியே கிடந்தால் பாஸ். எங்கள் ஊரில் ‘கொதியில சுருங்காத தோலு’ என்றால் அதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை, நல்ல மனுஷனைக்கூட அப்படிச் சொல்வார்கள். நோன்பு ஆரம்பித்த சில நாளில் தகடு கிழிந்திருக்கிறது. புதுத் தகடு சென்னையிலிருந்து வர நாளாகும். அதுவரைக்கும் விறகில் காய்ச்சிக்கொள்ளுங்கள் என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். லேபில் பாஸான துண்டுகளிலிருந்து நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, வட்டமாக வெட்டி உள்ளே வைத்து முடுக்கிவிட்டார். கஞ்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

தெரியாதவர் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. அந்தப் பைப்பில் போகிற ஆவி கொதிக்கிற தண்ணீரைவிட எத்தனை மடங்கு முரடு என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவரே அவர்தான். கொதியில் நிற்கிற தோல் ஆவியில் நிற்காது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து நம்பியதை வால்வுக்குள் வைத்திருக்கிறார். அதுவும் அந்தப் பைப்பின் மறுமுனையில் நாள் முழுக்க நிற்கிறவள் யார் என்று தெரிந்தே. நான் அவருடைய கையைப் பார்த்தேன். வெட்டிய கை இதுதானே என்று பார்த்தேன். அன்றைக்கு அக்காவைத் தாண்டிப் போய் அந்தக் கையை அவர் ஏன் வால்வின் மேல் வைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

தோல் வெடித்ததும் கீழிருந்து தள்ள ஒன்றுமில்லாமல் போய், ஸ்பிரிங் வழியை முழுக்கத் திறந்துவிட்டது, முரட்டு ஆவி அப்படியே டேக்சாவுக்குள் போய்விட்டது என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். விளக்கிவிட்டு நெற்றியைச் சுருக்கினார். அப்படியே ஆனாலும் டேக்சா கிழிந்திருக்கக் கூடாது, சேஃப்டி வால்வு தூக்கியிருக்க வேண்டுமே என்றார். நசுங்கிக் கிடந்த டேக்சாவின் மறுபுறம் குனிந்து தேடினார்கள். சேஃப்டி வால்வு கிடைத்தது. அதன் கைப்பிடியில் கட்டுக்கம்பி போட்டு, கேன்டீனில் பருப்பு நிறுக்கிற எடைக்கல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஆவி ஏறினாலும் அது தூக்கியிருக்க முடியாது.

மாமாவின் முகத்தை அப்போது பார்த்தேன். “இத யாரு கட்னது?” என்று கேட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

பாத்திரம் கழுவும் பெண் அழ ஆரம்பித்தாள். “அக்காதான்ணா கட்டுச்சு. கொஞ்ச நாளாவே புஸ்ஸு புஸ்ஸுனு தண்ணியப் பீச்சிக்கினே இருந்திச்சு. கையெல்லாம் சுட்டுச்சு. குக்கர்ல வெயிட்டு லேசா இருந்தா இப்டிதான் ஆவும்னு அக்கா சொல்லிச்சு.”

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வால்வு ஏன் பீச்சியது என்று அவருக்கு உடனே புரிந்திருக்கும். தோல் விறைக்க விறைக்க அதை மேலே தள்ளி வழியை மூட ஆவியால் முடியாமல், அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது, சேஃப்டி வால்வு அதைத்தான் தினமும் சொல்லியிருக்கிறது. அக்கா அதன் வாயைக் கட்டிவிட்டாள். புருஷனிடம் சொல்லியிருந்தால் அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார். அவள் எப்படிச் சொல்வாள்? ராத்திரி இருவரும் ஒரே பாயில்தான் படுத்தார்கள். கேட்டுக்குள் நடந்தது கேட்டோடு சரி. நான் மெச்சிக்கொண்ட அந்தச் சட்டத்தை இரண்டு பேரும் கடைசிவரைக்கும் ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தார்கள்.

அன்றைக்கே இன்ஸ்பெக்டர் மாமாவின் லைசென்ஸை வாங்கிக்கொண்டார். விசாரணை முடிகிறவரைக்கும் கேட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. கேன்டீன் லைனை மட்டும் அடைத்துவிட்டு, வேறொரு ஆபரேட்டரைப் போட்டு, டேனரி மறுபடி ஓட ஆரம்பித்தது. நானும் டியூட்டிக்குத் திரும்பினேன். அக்காவுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது, காய்ச்சல் இறங்கியது, டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். அவள் பேச ஆரம்பித்ததும் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். “எடைக்கல்லு விஷயத்த அவரு கிட்ட சொல்லாத.” அவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் கீழே இறங்கினால் மாமா எழுந்து வந்து, “தோலு விஷயத்த அவ கிட்ட சொல்லாத சிஸ்டரம்மா” என்றார். சிஸ்டரம்மா என்று அவர் கூப்பிட்டதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமாவுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது அணைக்கட்டில் ஓர் உரக்கடையில் மூட்டை கணக்குப் பார்க்கிறார். பாட்டு நின்றுவிட்டது, பேச்சு கம்மி. அக்கா வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது, தலையை மாமாதான் வாரிவிடுகிறார். ஊரில் இன்றைக்கும் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கேன்டீன் விஷயத்தோடு விட்டிருந்தால் சில மாதத்தில் லைசென்ஸ் திரும்பி வந்திருக்கும், அவராகவே கேட் முன்னால் போய் நின்று, எங்கெங்கே தோல் போட்டிருக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்துப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டார், பைத்தியக்காரன் என்பார்கள். மனசாட்சி உறுத்தியது என்பார்கள் சிலர். முதலாளி பாய் மிரட்டினார் என்றுகூட ஒரு கதை. அவர் ஏன் போனார் என்று தெரிந்த மூன்று பேரில் நான் ஒருத்தி.

அவர் கேட் முன்னால் போய் நின்றதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், டியூட்டி முடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் பொய்யைச் சுமந்து எனக்குப் பேஜாராகிவிட்டது. மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவர் கட்டிலுக்கு அருகே வந்து, கட்டுப் போட்ட முதுகைப் பார்த்துவிட்டு, எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார்.

“தகடு கிழிஞ்சிச்சு. தோலு வெட்டிப் போட்டேன்டி. உன்கிட்ட சேஃப்டி வால்வு இருக்குதே, இன்னா ஆவப் போவுதுன்னு இருந்துட்டேன்.”

அக்கா தலையணையில் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். “நான் அதுல கல்லக் கட்டிட்டேன்யா. வெளியில நீ இருக்கியே, உன் வால்வு இருக்குதே, இன்னா ஆவப் போவுதுன்னு.”

இருவரும் அழவில்லை. ஒருவர் இருக்கிற தைரியத்தில் இன்னொருவர். இதைவிடப் பெரிய நம்பிக்கை ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அந்த நம்பிக்கைதான் அவளை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது.

அக்கா சட்டென்று கேட்டாள். “வேற எங்கெல்லாம் போட்டிருக்க?”

மாமா போர்வையை இழுத்து அவள் காலை மூடினார்.

“ஒண்ணோட நிக்கிற ஆளா நீ? சொல்லுய்யா.”

“டிரையர் லைன்ல ஒண்ணு” என்றார்.

“அங்க யாரு நிக்கிறது?”

“எது?”

“அந்த மிஷின் பக்கத்துல நிக்கிறது யாருன்னு கேட்டேன்.”

அவர் யோசித்தார். பைப்பும் வால்வும் மனப்பாடமாக இருந்தவருக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்தது போல. “உங்க பெரியப்பா பையன். கூட ஒரு பீகார் புள்ள.”

“வேற?”

“சாயத்துக்கு வெந்நி போற தொட்டி.”

“அங்க?”

“பொம்பளைங்கதான். எதிர்வீட்டு அண்ணி.” அவர் கட்டிலை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். “போதும்டி.”

“வேற இருக்குதா இல்லியா?”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல வெந்நி வர்ற டிரம்முக்கு ஒண்ணு” என்றார்.

என் மேஜைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி இருக்கிற டிரம் அது. குளிர்காலத்தில் நான் நாற்காலியை அதன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு முதுகுக்குச் சூடு காட்டி உட்கார்ந்திருப்பேன். அன்று காலையிலும் அதில்தான் வெந்நீர் பிடித்தேன்.

“அங்க யாரு?” என்றாள் அக்கா. கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவள் கண் என் மேல் வந்து நின்றது. மாமா திரும்பவில்லை.

“நான்தான்க்கா” என்றேன்.